பேப்பரில் தினமும் படக்கதை வரைவது பிழைப்பாகுமா? ப்ளஸ் ஒன் படிக்கும் மகனுக்காகக் கேட்கிறேன்

குடியாத்தம் அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் இருக்கிறோம். என் மாமனார் கைலி நெய்கிறவர். வீட்டு முன்கட்டிலேயே குழித்தறி இருக்கிறது. நான் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மகன் ப்ளஸ் ஒன்.

ஒரு வருஷமாக அவன் படக்கதை வரைகிறான். தறிக்குழியில் குடியிருக்கும் ஒரு பூனை. அதோடு பேசிக்கொண்டே நெய்யும் ஒரு தாத்தா. நாலே கட்டம், அதற்குள் கதை முடிந்துவிடும். எனக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் இன்றைக்குப் பூனை என்ன சொன்னது என்று நானே தேடிப் போய்ப் பார்க்கிறேன்.

வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் 'பீனட்ஸ்' என்ற அமெரிக்கப் படக்கதையின் தொகுப்பு ஒன்றை வாங்கி வந்தான். வரைந்தவர் பெயர் சார்லஸ் ஷுல்ஸ், ஐம்பது வருஷம் தினமும் வரைந்தாராம். அன்றிலிருந்து 'நானும் பேப்பரில் தினமும் வரைவேன்' என்பதே பேச்சு. அவன் அப்பா பாலிடெக்னிக்கில் சேர்க்கலாம் என்கிறார். நான் நடுவில் நிற்கிறேன்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா? படிப்பு ஏதாவது இருக்கிறதா? இப்போதே நான் அவனுக்குச் செய்து கொடுக்க வேண்டியது என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சைதாப்பேட்டை ஓவியர் (வேலூர்):

அம்மா, 1985 முதல் 1991 வரை வேலூரில் ஒரு மாலைப் பேப்பரில் தினமும் மூன்று கட்டம் வரைந்தவன் நான். ஞாயிறு மட்டும் லீவு. மண்டித் தெருவில் மூட்டை தூக்கும் ஒருவர், பாலாற்று மணலில் மேயும் ஒரு கழுதை, இவர்கள் இரண்டு பேர்தான் என் கதை. ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய். அதோடு பகலில் லாங் பஜார் கடைகளுக்குப் போர்டு எழுதினேன். குடும்பம் நடந்தது போர்டில்தான். அதனால் பிழைப்பு பற்றிய கேள்விக்கு என் கணக்கிலேயே பதில் இருக்கிறது. படக்கதையை மட்டும் நம்பி உட்கார வேண்டாம், அதற்காக அதை விட்டுவிடவும் வேண்டாம்.

ஷுல்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி அவரை ஐம்பது வருஷத்தின் கடைசியிலிருந்து பார்க்கிறான். தொடக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். 1922ல் மினியாபொலிஸில் பிறந்தவர். அப்பா முடி திருத்துகிறவர். தபால் வழியில்தான் ஓவியம் படித்தார். அந்தப் படிப்பில் குழந்தைகளை வரையும் பகுதிக்கு அவருக்குக் கிடைத்தது சி பிளஸ். பிற்காலத்தில் உலகமே அவர் வரைந்த குழந்தைகளைத்தான் பார்த்தது! யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வந்து, படித்த அதே தபால் பள்ளியில் பாடம் திருத்தும் வேலை பார்த்தார். 1947 முதல் செயின்ட் பால் ஊர்ப் பேப்பரில் வாரம் ஒருமுறை வரைந்தார். நல்ல இடமும் கூடுதல் பணமும் கேட்டார், கிடைக்கவில்லை, நின்றுவிட்டார். 'பீனட்ஸ்' தொடங்கியது 1950 அக்டோபர் 2ஆம் தேதி, ஏழே ஏழு பேப்பரில். முதல் மாதம் கைக்கு வந்தது 90 டாலர். கடைசியில் 2,600 பேப்பர் என்கிறார்களே, அதெல்லாம் இந்த ஏழிலிருந்து வளர்ந்தது.

அங்கே சிண்டிகேட் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஓவியர் ஒரு படம் வரைந்து அந்த நிறுவனத்திடம் கொடுப்பார். அவர்கள் அதையே ஊர் ஊராகப் பேப்பர்களுக்கு விற்பார்கள். ஒவ்வொரு பேப்பரும் கொஞ்சம் கொடுத்தால் போதும், சேர்ந்தால் பெரிய தொகை. நான் வரைந்த படத்துக்கு ஒரே பேப்பர், ஒரே பதினைந்து ரூபாய். ஷுல்ஸுக்கும் எனக்கும் திறமையில் எவ்வளவு தூரம் என்பது வேறு பேச்சு. அவர் உழைப்பு இரண்டாயிரம் வாசலில் விலை போனது, என் உழைப்பு ஒரு வாசலில். தம்பி இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம். அவர் படத்தில் நாலு கட்டமும் ஒரே அளவாக இருந்ததைத் தம்பி கவனித்திருப்பான். அது அழகுக்காக வந்தது அல்ல. பேப்பரில் இடம் கிடைக்காத காலம் அது. நாலையும் வரிசையாகப் போடலாம், ஒன்றன் கீழ் ஒன்றாகப் போடலாம், இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாகவும் போடலாம். 'இடம் அடைக்காது' என்று சொல்லித்தான் சிண்டிகேட் அதைப் பேப்பர்களிடம் விற்றது. அந்தச் சின்னக் கட்டத்தில் நிறைய வரைய முடியாது. அதனால்தான் ஒரு தரை, ஒரு சுவர், இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். இடம் இல்லாததையே தன் பாணியாக மாற்றிக்கொண்ட மனிதர். எனக்குக் கிடைத்ததும் பேப்பரில் இரண்டு பத்தி அகலம்தான். அதில் மண்டித் தெருவை முழுசாக, வண்டி மாடு மூட்டையோடு வரைந்து வரைந்து கழுதையின் முகம் ஒரு கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. இரண்டு வருஷம் கழித்துத்தான் தெருவை விட்டுவிட்டுக் கழுதையைப் பெரிசாக்கினேன். அதற்குப் பிறகுதான் வழியில் பார்க்கிறவர்கள் கழுதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தினப் படக்கதைக்காரனைக் காப்பாற்றுவது கையிருப்பு. வரைந்து முடித்து, மை காய்ந்து, கவரில் தயாராக இருக்கும் படங்கள். வெளிநாட்டில் வாரக் கணக்கில் முன்கூட்டியே வரைந்து கொடுத்துவிடுகிறார்கள். என்னிடம் எப்போதும் இரண்டு மூன்று நாளுக்குத்தான் இருக்கும். காலையில் யோசித்து, மதியம் வரைந்து, சைக்கிளில் போய்க் கொடுத்துவிடலாம் என்று ஓட்டினேன். 1991 சித்திரையில் அப்பா படுத்துவிட்டார். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். மூன்று படம் மூன்று நாளில் தீர்ந்தது. நாலாம் நாள் அந்த இடத்தில் ஒரு துணிக்கடை விளம்பரம் வந்தது. அப்பா காரியம் எல்லாம் முடிந்து திரும்பிப் போனபோது 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்றார்கள். அந்த இரண்டு பத்தி இடம் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. கழுதை எங்கே போச்சு என்று கேட்டு வாசகர்கள் மூன்று பேர் கார்டு போட்டிருந்தார்கள். அந்த மூன்று கார்டும் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன.

ஷுல்ஸ் ஐம்பது வருஷத்தில் லீவு என்று எடுத்தது 1997 கடைசியில் ஐந்து வாரம், தன் 75ஆம் பிறந்தநாளை ஒட்டி. 1981ல் இதய ஆபரேஷன் ஆன பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. பின்னாள் படங்களில் கோடு அலைவதைத் தம்பி தொகுப்பில் பார்த்திருக்கலாம். அச்சுப் பிழை என்று நினைத்திருப்பான். அது அவர் கை. உதவியாளை வைத்து நேர்க்கோடு போடாமல் தன் நடுக்கத்தோடேயே வரைந்தார். எஸ்டர்புரூக் என்ற கம்பெனியின் ஒரே வகை நிப்தான் அவருக்கு. கம்பெனி மூடப்போகிறது என்று தெரிந்ததும் மிச்சம் இருந்த நிப்பையெல்லாம் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். அதுவும் ஒரு கையிருப்புத்தான்.

அதனால் அம்மா, நீங்கள் கேட்ட 'இப்போதே செய்ய வேண்டியது' இதுதான். முப்பது படம் முடியும் வரை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் ஐந்து எல்லோருக்கும் நன்றாக வரும், ஏனென்றால் அது மனசில் ஏற்கனவே இருந்த சரக்கு. பதினைந்தாவதில் பூனைக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் போகும். அங்கேதான் பூனைக்கு ஒரு குணம் பிறக்கும். பேராசையா, பயமா, தாத்தா மேல் பொறாமையா, அது அப்போது தெரியும். குணம் வந்துவிட்டால் ஜோக்கைத் தேடிப் போக வேண்டாம். கரண்ட் போச்சு என்று ஒரு வரி எழுதினால் போதும், பூனை என்ன சொல்லும் என்று கைக்கே தெரியும்.

படிப்புக்கு: ப்ளஸ் டூ முடித்துவிட்டுச் சென்னை எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரிக்கோ கும்பகோணத்துக்கோ முயற்சி செய்யலாம். நாலு வருஷப் பட்டம். சென்னைக் கல்லூரி 1850லிருந்து இருக்கிறது. கும்பகோணத்தில் படித்தவர்தான் கோபுலு. விகடனில் அவ்வளவு பெயர் வாங்கியவரும் பிறகு விளம்பரத் துறையில் வேலை செய்தார். அதில் குறைவு ஒன்றும் இல்லை. அவன் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: படம் வரையத் தெரிந்த கைக்கு இரண்டு மூன்று வேலை எப்போதும் உண்டு. ஃப்ளெக்ஸ் வந்து போர்டு எழுதுவது போன பிறகும் நான் பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரைந்து பெண்ணைக் கட்டிக்கொடுத்தேன்.

ராணிப்பேட்டை ஆஃப்செட்:

ஓவியர் அண்ணா சொன்னதோடு அச்சுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். முப்பது வருஷம் பிரஸ்ஸில் இருந்தவன். ஆரம்பத்தில் ஜிங்க் பிளாக், அதாவது படத்தைத் துத்தநாகத் தகட்டில் எடுத்து அச்சடிப்பது. பிறகு ஆஃப்செட்.

அப்போது அந்த லைன் பிளாக்குக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டும்தான் தெரியும். பென்சில் சாம்பல் நிறம் பிளாக்கில் வராது, அல்லது அழுக்காக வரும். அதனால்தான் அந்தக் காலத்து ஓவியர்கள் நிழலுக்குக் கூடக் கோடு கோடாகப் போட்டார்கள். இன்றைக்கு ஸ்கேன் வந்துவிட்டது. ஆனால் நியூஸ்பிரிண்ட் தாள் மாறவில்லை. மை ஊறும், கோடு தடிக்கும். நெருக்கமான இரண்டு கோடு ஒட்டிக்கொள்ளும்.

தம்பி தறி வரைகிறான் என்றதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. பாவு நூல் அத்தனையும் ஒவ்வொரு கோடாக வரைந்திருந்தால் பேப்பரில் அது ஒரே கறுப்புத் திட்டாக வரும். எட்டு கோடு போட்டால் போதும், மிச்ச நூலைப் படிக்கிறவர் கண் நெய்துகொள்ளும். அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கு அல்லது இரண்டு மடங்கு பெரிதாக வரையட்டும். முடித்ததும் ஜெராக்ஸ் கடையில் பாதி அளவாக்கி எடுத்துப் பார்க்கட்டும். பூனை மீசை காணாமல் போயிருந்தால் மீசையைத் தடியாக்க வேண்டும். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள்.

குடியாத்தம் அம்மா:

இவ்வளவு அக்கறையாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. ஓவியர் ஐயா எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அந்த மூன்று கார்டு வரைக்கும் வந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து மிச்சத்தையும் படிக்கச் சொன்னான்.

இரண்டு விஷயம் கேட்கச் சொல்கிறான். நாலு கட்டத்திலும் பூனை ஒரே பூனையாக வருவதில்லை, ஒன்றில் குண்டு, ஒன்றில் ஒல்லி. அடுத்தது, பேச்சு எழுதும் பலூன் பாதிக் கட்டத்தை அடைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எப்படி அவ்வளவு சின்னதாக முடிகிறது என்கிறான். எனக்கு ஒரு கவலை. ஒரு படத்துக்கு நாலு மணி நேரம் ஆகிறது, ராத்திரி கண் விழிக்கிறான்.

சைதாப்பேட்டை ஓவியர் (வேலூர்):

தம்பி நல்ல கேள்விதான் கேட்கிறான், வேலையில் இறங்கினவனுக்குத்தான் இது தோன்றும்.

பூனைக்கு: ஒரு முழுத் தாளில் பூனையை முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, உட்கார்ந்தது, படுத்தது, கோபம், தூக்கம் என்று வரைந்து சுவரில் ஒட்டட்டும். தலை ஒன்று என்றால் உடம்பு எத்தனை தலை அளவு என்று முடிவு செய்து எழுதி வைக்கட்டும். என் கழுதைக்குக் காது முகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அது மாறவே மாறாது. கணக்கு இருந்தால் தூக்கத்தில்கூட ஒரே கழுதைதான் வரும்.

பலூனுக்கு: இது தமிழில் வரைகிற எல்லோருக்கும் உள்ள கஷ்டம், அவன் தவறு இல்லை. நம் சொல் ஒட்டி ஒட்டி நீளும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதினால் ஒரு சொல்லே பலூனை அடைத்துவிடும், நடுவில் உடைத்தால் படிக்கிறவன் தடுக்கி விழுவான். 'வர்றேன்' என்றால் முடிந்தது. பூனை குடியாத்தத்துப் பூனைதானே, குடியாத்தத்துப் பேச்சே பேசட்டும். 'இன்னா தாத்தா, இன்னும் அரை முழம்கூட ஆவலயா?' என்று கேட்டால் இடமும் மிச்சம், உயிரும் வரும். இன்னொன்று, நம் எழுத்துக்கு மேலே சுழி, கீழே வால். வரிகளை நெருக்கினால் மேல் வரியின் 'கூ' கீழ் வரியின் 'கீ' மேல் மோதும். அதனால் எழுத்தை முதலில் எழுதட்டும். கட்டம் போட்டதும் முதல் வேலை பேச்சு, பிறகு பலூன், மிச்சம் இருக்கும் இடத்தில்தான் ஆள். நான் ஒரு கட்டத்துக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் போக மாட்டேன். எங்காவது ஒரு கட்டத்தில் யாரும் பேசாமல் இருக்கட்டும். பூனை பார்க்கிறது, தாத்தா நெய்கிறார், அவ்வளவுதான். அந்தச் சும்மா இருக்கும் கட்டம்தான் அடுத்த கட்டத்துச் சிரிப்பைத் தூக்கி நிறுத்தும். ஷுல்ஸ் இதில் பெரிய ஆள்.

நேரத்துக்கு: நாலு மணி நேரம் இப்போது சரிதான். ஆனால் இரவு வேண்டாம் அம்மா. ஒரே நாளில் ஒரு படத்தை முடிக்கப் பார்ப்பதால்தான் அப்படி ஆகிறது. திங்கள் உட்கார்ந்து ஆறு நாளுக்கும் பேச்சு மட்டும் எழுதட்டும். செவ்வாய் ஆறுக்கும் பென்சில். புதன், வியாழன் மை. ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தால் கை சூடு பிடித்துக்கொள்ளும். நான் இதைத் தெரிந்துகொள்ள நாலு வருஷம் ஆனது. தெரிந்தும் சோம்பலில் பழையபடி அன்றன்றைக்கே வரைந்தேன், அதன் பலனைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

காட்பாடி டிசைனர்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பேப்பர் ஒன்றையே குறி வைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். என்னைப் போன்றவர்கள் படக்கதையைப் போனில்தான் படிக்கிறோம். ஓவியர் ஐயா சொன்ன ஒரே அளவு நாலு கட்டம் இருக்கிறதே, அது போனுக்கும் அப்படியே பொருந்துகிறது. சதுரமாக வைத்தால் ஒரு திரை, தனித்தனியாக வைத்தால் நாலு முறை தள்ளிப் பார்க்கலாம். தம்பி பேப்பரில் மையில் வரைந்து, ஸ்கேன் செய்து, வாரம் இரண்டு படம் தன் பெயரிலேயே போடட்டும். பணம் உடனே வராது. பாடப்புத்தகப் படம், விளம்பரப் படம் என்று வேலை தருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தேடி வருவார்கள். எனக்கு முதல் வேலை அப்படித்தான் வந்தது.

சைதாப்பேட்டை ஓவியர் (வேலூர்):

காட்பாடித் தம்பி சொல்வது சரி, எனக்குத் தெரியாத வழி அது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பேப்பரோ போனோ, இன்ன கிழமை வரும் என்று சொன்னால் அந்தக் கிழமை வர வேண்டும். தினத்தந்தியில் 'கன்னித்தீவு' 1960லிருந்து வருகிறது. வரைகிற கை மாறியது, கதை நிற்கவில்லை. எங்கள் தெருவில் பேப்பர் வந்ததும் அதை முதலில் புரட்டுகிற பெரியவர்கள் எத்தனையோ பேர். நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் புரட்டினார்கள். ஷுல்ஸ் வேறு மாதிரி. தனக்குப் பிறகு வேறு யாரும் புதிதாக வரையக் கூடாது என்று வைத்துவிட்டார். உடம்பு முடியாமல் 1999 டிசம்பரில் ஓய்வு சொன்னார். கடைசி ஞாயிறு படம் 2000 பிப்ரவரி 13ஆம் தேதி வந்தது. முந்தின நாள் ராத்திரிதான் அவர் காலமானார். அன்றைய படம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஆக மொத்தம் 17,897 படம்.

தம்பி எப்போதாவது வேலூர் வந்தால் சொல்லுங்கள். கோட்டைக்கு எதிரில் சந்திக்கலாம். என்னிடம் பழைய நிப் ஒரு டப்பா இருக்கிறது, பேரப்பிள்ளைகள் யாரும் வரைகிறவர்கள் இல்லை.

குடியாத்தம் அம்மா:

ஐயா, கட்டாயம் அழைத்து வருகிறேன். வைகாசித் திருவிழா முடிந்ததும் ஒரு ஞாயிறு வருகிறோம்.

இன்றைக்கு வரை பதினொரு படம் முடித்திருக்கிறான். ஒரு பழைய சேலைப் பெட்டியில் அடுக்கி, மூடி மேல் 11 என்று எழுதி ஒட்டியிருக்கிறான். ஜெராக்ஸில் மீசை காணாமல் போனது நிஜம்தான், எல்லாப் பூனைக்கும் மீசையைத் திருப்பிப் போட்டான். பாவு நூலை எட்டுக் கோடாகக் குறைக்கச் சொன்னதற்கு மட்டும் மனசு வரவில்லை. தாத்தாவிடமே கேட்டான். அவர் படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நூலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'பூனை இங்க உக்கார முடியாதுடா, இங்க என் கால் மிதி இருக்குது' என்று விரலை வைத்துக் காட்டினார். இப்போது பதினொன்றிலும் பூனையை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறான். அவன் அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் வைத்து அழித்துக் கொடுக்கிறார்.